கண்மதிப்பும் மீட்டரும்

பழைய பிலிம் காமிரா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள், அதன் லென்ஸைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் 1, 1.5, 2, 3, 5 என்று வரிசையாகச் செதுக்கப்பட்ட எண்களையும், அவற்றின் கடைசியில் படுத்துக் கிடக்கும் எட்டைப் போன்ற ஒரு குறியையும் கண்டு, இவை எதன்பொருட்டு என்று யோசித்திருக்கக்கூடும். அந்த எண்கள் மீட்டர்கள். கடைசிக் குறி முடிவிலியின் அடையாளம். படம் எடுக்க வேண்டிய ஆளோ பொருளோ காமிராவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறதோ, அந்த எண் நடுக்கோட்டுக்கு நேரே வருமாறு வளையத்தைத் திருப்பி வைத்தால் பிம்பம் பிலிமின்மீது கூர்மையாக விழும். தவறான எண்ணில் வைத்தாலோ, முகம் மங்கிப்போய், முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெளிந்து நிற்கும். இன்றைய காமிராக்களும் கைப்பேசிகளும் இந்தக் காரியத்தை நம்மைக் கேளாமலே செய்து முடித்துவிடுகின்றன. ஆனால் தூரத்தை அளக்கும் சாதனம் எதுவும் உள்ளே வைக்கப்படாத ஒரு பெரிய காமிராக் குடும்பம் ஒரு காலத்தில் உலகெங்கும் புழங்கிற்று. பிலிமின்மேல் ஆசை கொண்ட இளைஞர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காமிராக்கள் எடுப்பவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு தூரம்? அதற்கு விடை கூறும் பொறுப்பு முழுவதும் அவருடைய கண்ணைச் சார்ந்தது.

இவற்றை மட்டமான சரக்கு என்று எண்ணிவிடலாகாது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கார் பர்னாக் என்பவர் உருவாக்கி, 1925ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் லைக்காவிலேயே தூரமானி கிடையாது. வேண்டுவோர் ஒரு சிறு தூரமானியைத் தனியே வாங்கிக் காமிராவின் தலைமீது செருகி, அது காட்டிய எண்ணைப் படித்து, பிறகு அதைத் தம் கையால் லென்ஸுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. லென்ஸோடு இணைந்து இயங்கும் தூரமானி 1932இல் வந்த இரண்டாவது லைக்காவில்தான் அமைந்தது. இன்றும் கடையில் கேட்டு வாங்குகிற 35 மில்லிமீட்டர் பிலிம் டப்பியை உலகுக்கு அறிமுகம் செய்துவைத்த கோடாக் ரெட்டினா, 1934இல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வெளிவந்தபோது கண்மதிப்பையே நம்பியிருந்தது. 1966இல் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் காட்டப்பட்ட ரோலை 35 என்ற காமிராவோ, ஹைன்ஸ் வாஸ்கே என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணத்தால் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்து, அதே வேளையில் உயர்ந்த ரகமான டெஸ்ஸார் லென்ஸைத் தாங்கி வந்தது. அதிலும் தூரமானி இல்லை. சிறந்த லென்ஸ், நுட்பமான ஷட்டர், வெளிச்சத்தை அளக்கும் கருவி ஆகிய யாவும் பொருந்திய ஒரு காமிரா, தூரத்தை மட்டும் மனிதனின் தீர்ப்புக்கு விட்டது என்றால், அந்தத் தீர்ப்பு பழக்கத்தால் நம்பகமாகக்கூடியது என்பதை அதைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

நமக்கோ இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அந்த எண்கள் மீட்டர்களாக இருக்கின்றன. நம் மனமோ தூரத்தை மீட்டரில் நினைப்பதில்லை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டில் எடை அளவுச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கி, 1962க்குள் பழைய அளவைகள் சட்டத்தின் பார்வையில் வழக்கொழிந்துவிட்டன. ஆயினும் சட்டம் துணிக்கடைக்குள் நுழைந்த வேகத்தில் வீட்டுக்குள் நுழையவில்லை. துணியை மீட்டரில் கிழித்து வாங்குகிற அதே கையால் பூவை முழத்தில் வாங்குகிறோம். மனையைச் சதுர அடியிலும் நிலத்தைச் சென்டிலும் பேசுகிறோம். பெண்பார்க்கும் படலத்தில் மாப்பிள்ளையின் உயரம் ஐந்தடி எட்டங்குலம் என்றுதான் சொல்லப்படுகிறதே தவிர, ஒரு மீட்டர் எழுபத்து மூன்று என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொத்தனாரும் தச்சரும் அடிக்கணக்கிலேயே வீட்டைக் கட்டி முடிக்கிறார்கள். இப்படி அடியில் வளர்ந்த ஒருவரைத் திடீரென்று நிறுத்தி, எதிரே நிற்கும் குழந்தை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கேட்டால், அவர் திகைப்பது சகஜமே.

இதற்கு ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. சாண், முழம், அடி ஆகியவை மனித உடம்பிலிருந்து பிறந்தவை. கையையும் காலையும் பார்த்தால் அளவு நினைவுக்கு வந்துவிடும். மீட்டரோ யாருடைய உடம்புக்கும் சொந்தமாகாமல் இருக்க வேண்டும் என்ற சங்கற்பத்தோடு பிறந்தது. 1791இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள், வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று வகுத்தார்கள். அதைக் கணிக்க தெலாம்பர், மெஷேன் என்ற இருவர் டன்கர்க் முதல் பார்சிலோனா வரை பல ஆண்டுகள் அலைந்து நிலத்தை அளந்தார்கள். 1983 முதல், ஒளியானது வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்துக்குள் கடக்கும் தூரமே மீட்டர் என்று அதன் இலக்கணம் இன்னும் நுட்பமாக்கப்பட்டுவிட்டது. விஞ்ஞானத்துக்கு இது பெருமை. ஆனால் பூமியின் சுற்றளவையும் ஒளியின் வேகத்தையும் கண்ணால் பார்த்து ஒப்பிட முடியாத சாதாரண மனிதர், தமக்கென்று சில மீட்டர்களைத் தாமே தேடி நினைவில் நாட்டிக்கொள்ள வேண்டியவராகிறார். மீட்டரில் தூரம் மதிக்கக் கற்பது என்பதன் சாரம் இதுதான்.

அடியில் மதித்து மனக்கணக்கில் மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். மூன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் போதும்: ஐந்தடி 1.5 மீட்டர், பத்தடி 3 மீட்டர், பதினேழடி 5 மீட்டருக்குச் சற்று மேல். ஓர் அடி 30.48 சென்டிமீட்டர் ஆகையால் இந்தக் குறுக்குவழியில் நேரும் பிழை நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஆரம்பத்தில் இந்த ஊன்றுகோல் தேவைதான். ஆனால் ஓடி வருகிற குழந்தை, நாம் பெருக்கி வகுத்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்காது; அதோடு, அடியில் மதிப்பது ஒரு பிழை, மாற்றுவது மற்றொரு பிழை என்று இரண்டும் சேர்ந்துகொள்ளும் அபாயமும் உண்டு. ஊன்றுகோலைச் சீக்கிரமே கீழே வைத்துவிடுவது நலம்.

நம் கண் தூரத்தை அறியாததல்ல. உளவியல் ஆய்வாளர்கள் பலமுறை செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு: திறந்த வெளியில் சில மீட்டர் தள்ளி ஓர் அடையாளத்தை வைத்து, அதை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு, கண்ணைக் கட்டி, அந்த இடம்வரை நடந்து நிற்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தூரம்வரை மனிதர்கள் வியக்கத்தக்க அளவில் சரியான இடத்தில் போய் நிற்கிறார்கள். அதே தூரத்தை வாயால் எண்ணாகச் சொல்லும்படி கேட்டாலோ, பெரும்பாலோர் உள்ளதைவிடக் குறைத்தே சொல்கிறார்கள். ஆக, கால் அறிந்திருக்கும் தூரத்துக்கு நாவிடம் எண் இல்லை என்பதே உண்மை நிலை. இந்தக் குறை பயிற்சியால் தீரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியல் அறிஞரான எலியனர் கிப்சன் தம் சகா ஒருவரோடு சேர்ந்து 1954இல் வெளியிட்ட ஆய்வில், தரையில் வெவ்வேறு தூரங்களை மதிக்கச் சொல்லி, ஒவ்வொரு மதிப்புக்குப் பின்னும் சரியான விடையைக் கூறித் திருத்தி வந்தபோது, கற்றவர்களின் மதிப்பு துல்லியமாயிற்று என்பதோடு, பயிற்சியில் காணாத தூரங்களுக்கும் அந்தத் துல்லியம் பரவிற்று என்பதும் தெரிய வந்தது. திருத்தம் என்ற ஒன்றே இங்கு ஆசிரியர். ஊகித்துவிட்டு அளந்து பார்க்காதவர் எத்தனை வருஷம் ஊகித்தாலும் முன்னேறமாட்டார்.

இனி லென்ஸின் பக்கம் பார்ப்போம். அங்கேதான் கற்பவருக்குத் தைரியமூட்டும் செய்தி இருக்கிறது. ரோலை 35இல் உள்ளதைப் போன்ற 40 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொண்டால், முடிவிலியிலிருந்து 1 மீட்டர்வரை குவிப்பதற்கு அந்த லென்ஸ் முன்னே நகர வேண்டிய தூரம் மொத்தமே 1.7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நகர்ச்சியில் ஏறக்குறைய பாதி, 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடையிலேயே செலவாகிவிடுகிறது. 2 மீட்டர் முதல் அடிவானம்வரையுள்ள அகண்ட உலகம் முழுவதற்கும் மிச்சப் பாதி போதும். அதிலும் 5 மீட்டருக்கு அப்பால் உள்ளதற்கெல்லாம் மொத்த நகர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான். வளையத்தில் 1க்கும் 2க்கும் நடுவே விசாலமான இடைவெளியும், 5க்கும் முடிவிலிக்கும் நடுவே ஒரு சிறு இடுக்கும் இருப்பதன் ரகசியம் இதுவே. தூரம் கூடக் கூட லென்ஸ் நம் பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. கிட்டே வரவரக் கண்டிப்பாகிறது. மனிதக் கண்ணின் இயல்போ இதற்கு நேர் எதிர்: தூரத்தில் தடுமாறுகிறது, கைக்கெட்டும் தூரத்தில் தேர்ந்து விளங்குகிறது. இரண்டு விழிகளும் ஒரே பொருளை நோக்கி உட்புறமாகத் திரும்பும் கோணம், விழிக்குள் இருக்கும் வில்லையின் சுருக்கம், இரண்டு விழிகளிலும் விழும் பிம்பங்களின் சிறு வேற்றுமை ஆகிய அந்தரங்கச் சாட்சிகள் யாவும் சில மீட்டர்களுக்குள்தான் பலமாகப் பேசுகின்றன. ஆகவே லென்ஸ் எங்கே கடுமை காட்டுகிறதோ அங்கே கண் வல்லமை பெற்றிருக்கிறது. கண் எங்கே தளர்கிறதோ அங்கே லென்ஸ் மன்னிக்கிறது. 17 மீட்டரா, 20 மீட்டரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள அவசியமே இல்லை, 1, 1.5, 2, 3, 5 என்ற ஐந்து தூரங்களைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் வித்தை கைவசமாகிவிடும்.

பழக்கும் முறை எளியது. ஓர் அளவு நாடாவை எடுத்து, வீட்டுக் கூடத்திலோ மொட்டை மாடியிலோ ஓரிடத்தைத் தொடக்கமாக வைத்து, அந்த ஐந்து தூரங்களிலும் சாக்கட்டியால் கோடு கிழித்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் தொடக்கக் கோட்டில் நின்று அவற்றைப் பார்த்துவர வேண்டும். கோடுகள் நாட்டப்படாத வெளியிடங்களிலும் அளவுகோல்கள் நம்மைச் சுற்றி ஏராளமாகக் கிடக்கின்றன. இக்காலத்து வீடுகளில் பெரும்பாலும் பதிக்கப்படும் இரண்டடிச் சதுர டைல்ஸ் ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர்; ஆகவே ஐந்து டைல்ஸ் சேர்ந்தால் 3 மீட்டர். கட்டிலின் நீளம் 1.9 மீட்டர் அளவில் இருக்கும். வழக்கமான ஏழடி நிலைக்கதவைத் தரையில் சாய்த்துப் போட்டதாகப் பாவித்தால் அது 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். புடவை ஐந்தரை மீட்டர். விளையாட்டு மைதானத்தில் பொழுதைக் கழித்தவர்களுக்கு இன்னும் எளிது: வாலிபால் ஆட்டத்தில் வலைக்கு நேர் கீழேயுள்ள நடுக்கோட்டிலிருந்து தாக்குதல் கோடு சரியாக 3 மீட்டர், கடைசிக் கோடு 9 மீட்டர்; கபடி மைதானத்தின் இருபுறமும் உள்ள லாபியின் அகலம் 1 மீட்டர். வாலிபால் வலையருகே நின்று பந்தை எதிர்நோக்கிய ஒருவர் 3 மீட்டரைத் தம்மை அறியாமலே உடம்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் சூட்டுவது ஒன்றே பாக்கி.

நம் நடையும் நல்ல துணை. சாதாரண உயரமுள்ளவர் இயல்பாக எடுத்து வைக்கும் ஓர் எட்டு ஏறத்தாழ முக்கால் மீட்டர்; இரண்டு எட்டு 1.5 மீட்டர், நான்கு எட்டு 3 மீட்டர். ஒவ்வொருவரும் தம் நடையை ஒரு முறை நாடாவால் சரிபார்த்து வைத்துக்கொண்டால், பிறகு காமிராவே கையில் இல்லாத வேளைகளிலும், பேருந்து நிறுத்தத்துக் கம்பம், தேநீர்க் கடைப் பெஞ்சு, வாசலில் படுத்திருக்கும் நாய் என்று எதையாவது குறிவைத்து, முதலில் எண்ணைச் சொல்லி, அதன் பின் நடந்து போய்ச் சரிபார்த்து வரலாம். எண்ணைச் சொல்வது முதலிலும் நடப்பது பிறகும் இருக்க வேண்டும் என்பது முக்கியம். நடந்துவிட்டு மதிப்பதில் பயிற்சி இல்லை.

கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. சீருடை அணிந்தவர்களுக்கு, தூரம் மதித்தல் என்று ஒரு பாடமே நடத்தப்பட்டது நினைவிருக்கும். சிப்பாய்க்குத் துப்பாக்கிக் குறிக்காக வகுக்கப்பட்ட அந்த யுக்திகள் காமிராவுக்கும் அப்படியே பொருந்துகின்றன. அவற்றுள் ஒன்று, இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது என்று இரண்டு வரம்புகளைக் கட்டி நடுவெண்ணைக் கொள்வது. மற்றொன்று, பாதித் தூரத்தில் உள்ள ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு அதை மதித்து இரட்டிப்பது. இன்னொன்று, நாலைந்து பேர் தனித்தனியே மதித்துச் சராசரி எடுப்பது. இவற்றுள் வரம்பு கட்டும் முறையைக் காமிராவுக்குக் கையாளும்போது மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். ஆள் 2 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடையே எங்கோ இருக்கிறார் என்று ஐயமாக இருந்தால், கணக்கின்படி நடு மூன்றரை. ஆனால் லென்ஸின் நடு மூன்றுக்கும் சற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. எண்களைச் சராசரி எடுக்காமல், வளையத்தில் 2க்கும் 5க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் நடு இடத்தில் கோட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால், கணக்குத் தானே சரியாகிவிடும். ஐயம் வரும்போது கிட்டத்து எண்ணின் பக்கம் சாய்வதே மேல் என்பது இதிலிருந்து பெறப்படும் விதி.

காமிராவின் காட்சிச் சாளரத்தையே அளவுகோலாக்கும் உபாயம் ஒன்றும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. 40 மில்லிமீட்டர் லென்ஸுள்ள 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், எந்தத் தூரத்திலும் அந்தத் தூரத்தின் பத்தில் ஒன்பது பங்கு உயரம் சட்டத்துக்குள் அடங்கும். படுக்கையாகப் பிடித்தால் பத்தில் ஆறு பங்கு. எனவே செங்குத்துச் சட்டத்தில் ஓர் ஆள் உச்சி முதல் உள்ளங்கால்வரை சற்றே இடைவெளியுடன் அடங்குகிறார் என்றால் அவர் 2 மீட்டரில் நிற்கிறார்; படுக்கைச் சட்டத்தில் அவ்வாறு அடங்கினால் 3 மீட்டரில் நிற்கிறார்; செங்குத்துச் சட்டத்தில் தலை முதல் இடுப்புவரை மட்டுமே தெரிந்தால் 1 மீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இந்தத் தூரங்கள் நாலில் ஒரு பங்கு கூடும். சாளரங்கள் யாவும் பிலிமில் விழுவதை அச்சொட்டாகக் காட்டுவதில்லை ஆதலால், அவரவர் காமிராவில் நாடா பிடித்து ஒரு முறை சோதித்துத் திருத்திக்கொள்வது நல்லது. எளிய காமிராக்களின் வளையத்தில் எண்களுக்குப் பதிலாக ஒரு தலை, பாதி உடம்பு, மூவர் கூட்டம், மலை என்று சித்திரங்கள் பொறித்திருப்பதும் இந்தத் தத்துவத்தை ஒட்டியே. எத்தனை மீட்டர் என்று கேட்காமல், சட்டத்தில் எவ்வளவு தெரிகிறது என்று கேட்டு, அதே விடையைப் பெற்றுக்கொள்ளும் சாமர்த்தியம் அது.

பயிற்சி பெற்ற கண்ணையும் ஏமாற்றும் சந்தர்ப்பங்கள் சில உள்ளன. பிரகாசமான வெயில் முகத்தில் விழுகிற ஆள் உள்ளதைவிடக் கிட்டே இருப்பதாகத் தோன்றுவார்; அந்தி மங்கலிலும் பனிமூட்டத்திலும் நிற்பவர் தள்ளியிருப்பதாகத் தோன்றுவார். நடுவே குளத்து நீரோ வெறும் மணல்வெளியோ இருந்தால், கண் படிப்படியாகப் பற்றிச் செல்வதற்குப் பொருள்கள் இல்லாமையால், அக்கரை நெருங்கிவந்துவிடும். குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு மயக்கம்: உருவம் சிறியதாக இருப்பதால் பெரியவர்களைவிடத் தூரத்தில் இருப்பதாக அவசரத்தில் எண்ணிவிடுகிறோம். இவற்றுக்கெல்லாம் பரிகாரம், ஆளைப் பாராமல் அவருடைய பாதம் படும் தரையைப் பார்த்து, நம் காலடியிலிருந்து அங்குவரை தரையை மீட்டர் மீட்டராக மனத்தால் மடித்துக்கொண்டு போவதுதான். அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் மறக்கலாகாது. லென்ஸின் முகப்பிலிருந்து அல்ல, பிலிம் இருக்கும் தளத்திலிருந்துதான் அந்த எண்கள் கணக்கிடப்படுகின்றன. சில காமிராக்களின் மேல்தட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் பொறித்திருப்பது அந்தத் தளத்தைக் காட்டவே. 5 மீட்டரில் இந்த வேற்றுமை ஒன்றும் செய்யாது. 1 மீட்டரில் சில சென்டிமீட்டர் பிசகினாலும் படத்தில் தெரியும்.

எவ்வளவு பிசகலாம் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் துவாரம். அதே 40 மில்லிமீட்டர் லென்ஸில் துவாரத்தை எஃப்/3.5 என்று முழுக்கத் திறந்துவைத்து 1 மீட்டரில் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் 94 சென்டிமீட்டர் முதல் 1.07 மீட்டர்வரை, அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. எஃப்/8க்குச் சுருக்கி 3 மீட்டரில் குவித்தாலோ, சுமார் 2.1 மீட்டர் முதல் 5.4 மீட்டர்வரை யாவும் தெளிவு. எஃப்/11இல் 5 மீட்டரில் வைத்துவிட்டால், இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம்வரை கவலையே இல்லை. 400 வேகமுள்ள பிலிமைப் போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பகல் வெயிலில் நின்றால், ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்திலும் எஃப்/11 சாதாரணமாகக் கிடைக்கும். பகலில் தெருவில் படம் எடுக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு வெயிலே பாதி மதிப்பை மதித்துக் கொடுத்துவிடுகிறது என்று இதனால் அறியலாம். கோயில் பிராகாரத்து மங்கலிலும், கல்யாண வீட்டு இரவிலும், சமையலறை ஜன்னலோரத்திலும்தான் கண்ணின் பயிற்சி உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. அங்கே ஃப்ளாஷ் விளக்கின் துணையை நாடினாலும் மீட்டர் விடுவதில்லை: விளக்கின் வழிகாட்டி எண் 20 என்றால், அதைத் தூரத்தால் வகுத்தால் துவாரம் கிடைக்கிறது, இரண்டரை மீட்டருக்கு எஃப்/8, 5 மீட்டருக்கு எஃப்/4. மீட்டருக்கு உரிய அந்த எண்ணை அடிக்கணக்கால் வகுத்துவிட்டால் படம் வெளுத்துப்போகும்.

இந்த வித்தையைத் தொழிலாகவே கொண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். திரைப்படப் படப்பிடிப்பில் போகஸ் புல்லர் என்று அழைக்கப்படும் உதவியாளர், காமிராவின் பிலிம் தளத்திலிருந்து நடிகரின் முகம்வரை நாடா பிடித்து அளந்து, தரையில் அடையாளம் ஒட்டி, நடிகர் நடந்து வரும்போது ஒவ்வொரு அடையாளத்திலும் லென்ஸைத் தக்க எண்ணுக்குத் திருப்பிக்கொண்டே வருகிறார். நடிகர் அடையாளத்தைத் தாண்டி அரை எட்டு முன்னே வந்துவிட்டால் நாடாவை மறுபடி எடுக்க அவகாசம் ஏது? அந்தக் கணத்தில் அவரைக் காப்பது கண்மதிப்பு ஒன்றே. அளந்து அளந்து பழகியதால் அளக்காமலே தெரிந்துகொள்ளும் நிலையை அவர் எட்டியிருக்கிறார். நாம் மாடியில் கிழித்த சாக்கட்டிக் கோடுகளின் பயனும் அதுவேயன்றி வேறில்லை.

தானே குவிக்கும் காமிராக்கள் இத்தனை மலிந்துவிட்ட காலத்தில் இந்த உழைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை கூறலாம். யந்திரம் எவ்வளவு விரைவாகக் குவித்தாலும், குவிப்பதற்குப் பொருளை அது முதலில் காண வேண்டும். கண்டு, தேர்ந்து, பிறகே செயல்பட வேண்டும். தூரம் அறிந்தவரோ பொருள் வருவதற்கு முன்பே ஆயத்தமாக இருக்கிறார். இக்காலத்து டிஜிட்டல் காமிராக்களிலேயே, ரிக்கோ ஜி.ஆர். போன்ற சிலவற்றில், 1.5 மீட்டர், 2.5 மீட்டர் என்று தூரத்தை முன்கூட்டி நிச்சயித்து வைத்து, பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் அந்தத் தூரத்திலேயே படம் விழும்படி செய்யும் வசதி வைக்கப்பட்டிருப்பது இதனாலேயே.

பயிற்சி முதிர முதிர, கற்பவரிடம் ஒரு மாறுதல் நிகழ்வதைக் காணலாம். தொடக்கத்தில் அவர் ஆளைப் பார்த்து, தூரத்தை மதித்து, அதற்கேற்ப வளையத்தைத் திருப்புகிறார். பழகிய பின்போ, வளையத்தை 2 மீட்டரில் வைத்துவிட்டு, அதைத் தொடுவதையே மறந்துவிடுகிறார். சந்தையிலும் திருவிழாவிலும் நடக்கும்போது, எதிரே வருகிறவர் 2 மீட்டர் எல்லைக்குள் நுழையும்வரை காத்திருக்கிறார், அல்லது தாமே ஓர் எட்டு முன்னேயோ பின்னேயோ வைத்து அந்த எல்லையை அடைகிறார். திருத்தும் வேலை விரலைவிட்டுக் காலுக்குப் போய்விடுகிறது; கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியான இடத்தில் போய் நிற்கத் தெரிந்த அதே கால்தான் அது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் ஐந்து தூரங்களையும் ஒரே நாளில் பிடிக்க முயலாமல், முதலில் 2 மீட்டர் ஒன்றை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு, ஒரு பிலிம் சுருள் முழுவதையும் அந்த ஒரே தூரத்தில் எடுத்து முடிக்கட்டும். 3 மீட்டருக்கு அடுத்த சுருள் இருக்கிறது.